தும்பைக்கும் ஓர் இடம்
(மாட்டுங்காப் பூங்காக்களைப் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு)

போருக்குப் புறப்பட்ட மறவன் தன் வேலைத் தீட்டுமுன் ஒரு பூவைத் தேடினான் என்று சொன்னால் வேற்று நாட்டார் நகைக்கக்கூடும். தமிழருக்கு அது நகைப்பன்று, மரபு. பகைவர் ஆநிரையைக் கவரச் சென்றவன் வெட்சி சூடினான். அதனை மீட்கச் சென்றவன் கரந்தை சூடினான். மண்ணாசை கொண்டு படையெடுத்தவனுக்கு வஞ்சி. அவனை எதிர்த்து நின்றவனுக்குக் காஞ்சி. மதிலை வளைத்தோர் உழிஞையையும், மதிலைக் காத்தோர் நொச்சியையும் அணிந்தனர். இரு வேந்தரும் களங்குறித்துத் தத்தம் வலிமையே பொருளாகப் பொருதுங்கால் இருபுறத்தாரும் சூடியது தும்பை. வென்றவன் தலையில் வாகை. புறப்பொருள் வெண்பாமாலை இவற்றையெல்லாம் திணைகளாக வகுத்துரைக்கின்றது. அகத்திணைகளுக்கும் பூவும் மரமுமே பெயராயின. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயரை அடுக்கிச் சொன்னதை அன்பர்கள் அறிவர்.

இம்மலர்களில் ஒரு செய்தி பொதிந்து கிடக்கின்றது. இவற்றுள் தோட்டக்காரன் பாத்தி கட்டி நீர் வார்த்து வளர்த்தவை மிகச் சில. பெரும்பாலானவை மழை பெய்த மண்ணில் தாமே முளைத்தவை. உழிஞை என்பது இன்று முடக்கொற்றான் என வழங்கும் கொடி என்பர். அது வேலியிலும் குப்பைமேட்டிலும் படர்வது. கரந்தை வயற்காட்டுப் பூண்டு என்பர். தும்பையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. உழவன் கண்ணுக்கு அது களை. வேந்தன் கண்ணுக்கு அது மாலை.

நம் சங்கத்தின் தமிழ் வகுப்பில் சென்ற ஆண்டு ஒரு நாள் 'தும்பைப்பூப் போன்ற வெண்மை' என்னும் தொடர் வந்தது. பிள்ளைகள் பொருள் கேட்டனர். வெண்மையை விளக்குதல் எளிது. தும்பையை விளக்குதல் எளிதாக இல்லை. மாட்டுங்காப் பூக்கடைகளில் மல்லிகை உண்டு, கனகாம்பரம் உண்டு, மதுரையிலிருந்து வந்திறங்கும் மருக்கொழுந்தும் உண்டு. தும்பையை யார் விற்பார்? பூங்காவில் காட்டலாம் என்று ஆசிரியர் அழைத்துச் சென்றார். அங்கே புல் மிக ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. எந்தப் பூங்கா என்று ஈண்டுக் கூறுதல் வேண்டா. எல்லாப் பூங்காக்களுக்கும் அதுவே வழக்கம். அன்று எழுந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். தும்பையை நம் பூங்காக்களிலிருந்து வெளியேற்றியது யாது? அது எப்போது நிகழ்ந்தது? மீண்டும் அழைத்தல் கூடுமா?

முதலில் நம் பூங்காக்களின் கதையைக் காண்போம். 1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. எலியும் இருளும் நெரிசலும் நிறைந்த பழைய பேட்டைகளில் மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதன் விளைவாக 1898இல் சட்டம் இயற்றி நகர மேம்பாட்டுக் குழுமம், அதாவது பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், நிறுவப்பெற்றது. காற்றும் வெளிச்சமும் இல்லாமையே நோய்க்கு வேர் என்று அக்காலத்தார் கருதினர். ஆகவே, வயலும் தோப்புமாய்க் கிடந்த தாதர், மாட்டுங்கா நிலங்களில் அகன்ற சாலைகளையும், வரம்புக்குட்பட்ட உயரமுள்ள வீடுகளையும், இடையிடையே திறந்த வெளிகளையும் அக்குழுமம் திட்டமிட்டது. பார்சி காலனியின் தந்தை எனப் போற்றப்பெறும் பொறியாளர் மஞ்சர்ஜி ஜோஷியின் பெயரை இன்று தாங்கி நிற்கும் ஐந்து தோட்டங்களும், மகேசுவரி உத்யான் எனப் பெயர் மாற்றம் பெற்ற கிங்ஸ் சர்க்கிள் வட்டப் பூங்காவும் அத்திட்டத்தின் கொடைகளே. 1933இல் அக்குழுமம் மாநகராட்சியோடு இணைந்தது. பூங்காக்களும் அதன் பொறுப்பில் வந்தன. அதற்கு முந்திய ஆண்டில்தான் தென்னிந்தியக் கல்விக் கழகம் இங்கே தொடங்கப்பெற்றது. பூங்காக்களும் நம்மவர் குடியேற்றமும் ஏறக்குறைய உடன்பிறப்புகள் என்று சொல்லலாம்.

இந்தப் பூங்காக்களில் நடுவே புல்வெளி, ஓரத்தில் வெட்டுவேலி, அதற்கப்பால் நிழல்மரம் என்னும் அமைப்பைக் காண்கின்றோம். வெட்டுவேலியில் பெரும்பாலும் நிற்பது யார் தெரியுமா? ஊரில் இட்லிப்பூ என்று பிள்ளைகள் அழைக்கும் வெட்சி. ஆநிரை கவர்ந்தவனுக்கு வேலியில் நிலையான இடம் கிடைத்துவிட்டது. அறப்போர் புரிந்த தும்பையார் மட்டும் பதினைந்து நாளைக்கொருமுறை தலையிழக்கின்றார். விதியின் விளையாட்டு என்பதா, திட்டத்தின் பிழை என்பதா?

புல்லை ஒட்ட வெட்டி விரிப்புப்போல் வைத்திருக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோது சுவையான செய்தி கிடைத்தது. இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் கம்பளி ஆலைகள் மிகுதி. நெய்த கம்பளியின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைகளைச் சீராகக் கத்தரிப்பதற்கு உருளையில் சுருட்டிப் பதித்த கத்திகளையுடைய பொறி ஒன்று அங்கே வழங்கியது. எட்வின் பட்டிங் என்னும் பொறிவினைஞர் அதைக் கண்டு, துணியைக் கத்தரிப்பது புல்லையும் கத்தரிக்குமே என எண்ணினார். 1830இல் புல்வெட்டும் பொறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அதற்கு முன்னர் அரிவாள் பிடித்த ஆட்கள் பலரை வைத்திருந்த பிரபுக்களுக்கும், ஆடுகளை மேயவிட்டவர்களுக்கும் மட்டுமே வாய்த்த புல்விரிப்பு, அதன் பின்னர் நடுத்தர வீட்டாருக்கும் நகராட்சிகளுக்கும் வாய்த்தது. ஆலைகளால் வளர்ந்த இந்தப் பம்பாயிலே புல்லையும் ஓர் ஆலைப் பொறியின் வழித்தோன்றலே ஆள்கின்றது என்பதை எண்ணி வியந்தோம்.

ஆங்கிலேயர் சென்றவிடமெல்லாம் தம் புல்விரிப்பை உடன்கொண்டு சென்றனர். அவர்கள் நாட்டில் ஆண்டு முழுவதும் சிறு தூறல். புல் என்றும் பசுமை. இங்கோ ஆனி பிறப்பதற்குச் சற்று முன்பின்னாக வானம் பிளந்து, நான்கு மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டு ஓய்கின்றது. எஞ்சிய எட்டு மாதமும் புல்விரிப்புக்குக் குழாய்நீரோ லாரிநீரோ ஊற்றியாக வேண்டும். இந்நாட்டுப் பூண்டுகள் அவ்வாறு எவரையும் எதிர்பார்ப்பதில்லை. கோடையில் விதையாய் உறங்கி, முதல் மழையில் விழித்து, ஆடி ஆவணியில் பூத்து, ஐப்பசியில் விதை சிந்தி மறைந்துவிடும். நீர்வரிக் கணக்கு எழுதுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

பொறி ஏன் தும்பையை மட்டும் ஒழித்துப் புல்லை விட்டுவைக்கின்றது? புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டி அடியில் உள்ளது. மேலே வெட்ட வெட்ட அடியிலிருந்து தழைக்கும். தும்பை, தகரை, பண்ணைக்கீரை முதலிய ஓராண்டுப் பூண்டுகளுக்கோ வளர்முனை உச்சியில். முளைத்துப் பூத்து விதை முற்றச் சில மாதங்கள் வேண்டும். இடையில் வெட்டினால் அவ்வாண்டின் விதை போயிற்று. மண்ணில் பழைய விதைகள் சில உறங்கிக் கிடக்குமாயினும், தொடர்ந்து பல ஆண்டுகள் வெட்டினால் அந்த இருப்பும் தீர்ந்துவிடும். வங்கியில் போடாமல் எடுத்துக்கொண்டே இருப்பவன் நிலை அது. வெட்டுக்காயப் பூண்டு போன்று தரையோடு தரையாய்ப் படர்பவை மட்டும் தப்பிப் பிழைக்கும். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி.

பட்டிங் தம் பொறிக்குப் பட்டயம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1839இல், இந்த நகரில் வேறு வகையான ஒரு பணி நிறைவுற்றது. பம்பாய் அஞ்சல் துறையில் துணைத் தலைமை அலுவலராக இருந்த ஜான் கிரஹாம் என்பார் பம்பாயிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளரும் செடி கொடி மரங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தொகுத்தார். நூல் அச்சேறி முடியுமுன் அவ்வாண்டிலேயே கண்டாலாவில் காலமானார். நிம்மோ என்னும் நண்பர் எஞ்சியதை முடித்து வைத்தார். தோட்டத்துச் செடி, காட்டுச் செடி இரண்டும் அப்பட்டியலில் உண்டு. பகலெல்லாம் தபால் மூட்டைகளோடு போராடிய ஒருவர் இதற்கு நேரம் கண்டார் என்பது கோப்புகளிடையே வாழும் நம் போன்ற எழுத்தர்களுக்குத் தனி மகிழ்ச்சி தருவது. பின்னர் 1901 முதல் 1908 வரை தியோடர் குக் பம்பாய் மாகாணத் தாவர நூலை வெளியிட்டார். தூய சவேரியார் கல்லூரியில் பணிபுரிந்த பிளாட்டர் பாதிரியாரின் பெயரால் இன்றும் அங்கே ஓர் உலர்தாவரக் களஞ்சியம் உள்ளது. எனவே, இந்நகரத்தின் பூண்டுகள் அறியப்படாதவை அல்ல. அறிஞர் அறிந்ததைப் பூங்காவின் காவலரும் நாமும் அறியவில்லை, அவ்வளவே.

அறியாமலும் இல்லை என்று சொல்ல வேண்டும். விநாயக சதுர்த்திக்கு முதல் நாள் மாட்டுங்காக் கடைத்தெருவில் நின்று பார்த்தவர்க்கு இது புரியும். 21 பத்திரங்களில் அறுகு, நாயுருவி, எருக்கு, ஊமத்தை, விஷ்ணுகிராந்தி, நொச்சி எல்லாம் உள்ளன. இவற்றுள் எதுவும் பூந்தொட்டியில் வளர்ப்பதன்று. மழைக்காலத்தில் வழியோரம் தானே நிற்பது. அடுத்த வீட்டு மலையாள நண்பர்க்கு ஓணப் பூக்களத்தில் தும்பை இன்றியமையாதது. மராட்டிய மக்கள் கௌரி பண்டிகையில் தேரடா எனப்படும் காட்டுக் காசித்தும்பையையே கௌரியாக வைத்து வணங்கும் வழக்கமுடையவர்கள். தெலுங்கானத்தார் பதுகம்மா விழாவில் ஆவாரையும் பண்ணைக்கீரைப் பூவும் அடுக்கடுக்காக எழும். எல்லாரும் காசு கொடுத்து வாங்குகின்றோம். அல்லது இல்லாமலே முடித்துக்கொள்கின்றோம். அதே வாரத்தில் அச்செடிகளே பூங்காவில் வெட்டுண்டு சாக்குமூட்டையில் செல்கின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாத்தாராவை அடுத்த காஸ் பீடபூமி 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. புரட்டாசியில் அங்கே பூக்கும் சிறு பூண்டுகளைக் காண நம்மவர் சீட்டு வாங்கிக்கொண்டு பேருந்தில் போகின்றனர். காஸ் பூவுக்குக் காசு. வாசற் பூவுக்கு வெட்டு.

இருப்புப்பாதையில் பணியாற்றும் நாம் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் இயலாது. 1853 ஏப்ரல் 16இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் வண்டி ஓடியபோது போடப்பெற்ற அப்பாதை இந்தப் பக்கமாகவே சென்றது. வேலிக்கும் தண்டவாளத்துக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய நிலத்தில், மனிதன் கால் வைக்கத் தயங்கும் இடத்தில், எருக்கும் தகரையும் நாயுருவியும் தழைப்பதை மழைக்காலப் பயணிகள் சன்னல்வழியே காணலாம். இங்கிலாந்திலும் இவ்வாறே. ஆக்ஸ்போர்டு தாவரத் தோட்டத்தினின்று தப்பிய ஒரு மஞ்சட்பூச் செடி, 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதையின் சரளைக் கற்களைப் பற்றிக்கொண்டே அந்நாடெங்கும் பரவியதாக அறிஞர் எழுதியுள்ளனர். பயணச்சீட்டு வாங்காத பயணிகளுள் அதுவும் ஒன்று.

சரி, வெட்டாமல் விட்டால் ஊர் காடாகாதா, பாம்பும் கொசுவும் வாராவா என்று கேட்போர் உண்டு. அவர்களைத் தாராவிக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து நம் முன்னோர் பலர் கால் ஊன்றிய அதே தாராவியின் ஓரத்தில், மிட்டி ஆற்றங்கரையில், மாநகரின் குப்பையைக் கொட்டி நிரப்பிய மேடு ஒன்று இருந்தது. பல்லாண்டுகளின் குப்பை. 1970களின் இறுதியில் குப்பை கொட்டுவது நின்றது. உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை, அவ்விடத்தை இயற்கைப் பூங்காவாக மாற்றலாம் என்று எடுத்துரைத்தது. பலர் நம்பவில்லை. குப்பையின்மேல் மண் பரப்பினர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1983இல் அங்கே முதல் மரக்கன்றை நட்டார். 1994 ஏப்ரல் 22ஆம் நாள், புவி நாளன்று, மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பெற்றது. ஏறக்குறைய 15 ஹெக்டேர், நம் கணக்கில் 37 ஏக்கர். அங்கே விரிப்புப் புல்லுக்கு முதலிடம் இல்லை. நட்டவை பல, காற்றும் பறவையும் கொணர்ந்தவை பல. மரத்தடியில் இலை உதிர்ந்து மக்கி மண்ணாகின்றது. நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் அங்குக் கணக்கில் வந்துள்ளன. வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கவே பள்ளிப் பிள்ளைகள் செல்கின்றனர்.

வண்ணத்துப்பூச்சியைப் பற்றி ஒரு சொல். பூச்செடி இருந்தால் அது வந்துவிடும் என்று எண்ணுகின்றோம். பூ அதன் உணவுவிடுதி மட்டுமே; பிள்ளை பெறும் வீடு வேறு. கருநுனி கொண்ட செம்மஞ்சள் நிற 'வெந்தய வரியன்' எருக்கிலையில் முட்டையிடும். அதன் புழு பிற இலைகளை எளிதில் தீண்டாது. சிறு மஞ்சள் நிறப் பூச்சிகள் சில தகரையை நாடும். எருக்கையும் தகரையையும் வெட்டிவிட்டு, அயல்நாட்டுப் பூச்செடிகளை வரிசையாய் நட்டு, பூச்சி வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. மிட்டிக் கரையில் குப்பைமேட்டின்மேல் இயன்றது, வளமான மாட்டுங்கா மண்ணில் இயலாது என்பாரோடு வாதிட நமக்கு விருப்பமில்லை.

எனினும் மறுப்புகளை அலட்சியம் செய்தல் தகாது. கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். உடைந்த தொட்டியும் தேங்காய்ச் சிரட்டையும் பூண்டைவிடப் பெரிய பகை. பாம்பச்சம் உண்மையானது, ஆதலால் குழந்தைகள் ஓடியாடும் இடத்திலும் நடைபாதையின் இருமருங்கிலும் புல்லைக் குட்டையாகவே வைத்தல் வேண்டும். தானே முளைத்தவை எல்லாம் நன்மையே என்பதும் மயக்கம். பார்த்தீனியம் என்னும் வெண்பூப் பூண்டு 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவி, தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தருகின்றது. அதனைப் பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். உன்னிச்செடியையும் வளரவிட்டால் பிற செடிக்கு இடமின்றிப் போகும். ஆகவே வெட்டாமல் விடுவதென்பது சோம்பேறித்தனமன்று. எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்று அறிந்து செய்யும் வேலை. பொறி ஓட்டுவதைவிடச் சற்றுக் கடினம்.

உலகின் பிற இடங்களில் இதனைச் செய்து பார்த்துள்ளனர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ஏப்ரல், மே மாதங்களில் புல்வெட்டும் பணி நின்றது. ஒழுங்குக்குப் பேர்போன அந்நாட்டின் சாலையோரங்களில் புல் உயர்ந்து காட்டுப் பூக்கள் மலர்ந்தன, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. மக்கள் முறையிடுவர் என்று எதிர்பார்த்திருக்கலாம். பலர் அப்படியே விட்டுவிடுமாறு கேட்டனர். பின்னர் அங்குள்ள தேசியப் பூங்காக் கழகம் சில இடங்களில் வெட்டும் முறையைக் குறைத்துக்கொண்டது. இங்கிலாந்தில் 1930களிலிருந்து பூக்காடான புல்நிலங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு அழிந்தது எனக் கணக்கிட்ட பின்னர், 2019இல் 'மே மாதம் வெட்டாதீர்' என்னும் இயக்கம் தோன்றியது. புல்வெட்டி பிறந்த நாடே அதனை ஒரு மாதம் கொட்டகையில் பூட்டச் சொல்கின்றது. அவர்களுக்கு மே இளவேனில். நமக்கு மே மண் வெடிக்கும் கோடை. அப்போது வெட்டுவதற்கும் ஒன்றுமில்லை, விடுவதற்கும் ஒன்றுமில்லை. அவர்களுடைய மே நமக்கு ஆவணி. அந்த இயக்கத்தின் பெயரை அப்படியே கடன் வாங்கினால் பயனில்லை.

சட்டத்தின் துணையை நாடலாம் எனில், 1975ஆம் ஆண்டு மகாராஷ்டிர நகர்ப்புற மரங்கள் பாதுகாப்புச் சட்டம் மரத்தைக் காக்கின்றது. மரத்தை வெட்ட அனுமதி வேண்டும். முழங்கால் உயரப் பூண்டு அச்சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. எனவே வேண்டுகோள் ஒன்றே வழி.

நம் சங்கம் கேட்கத்தக்கது பெரிதன்று. ஒரு பூங்காவில் ஒரு மூலை. வேலியோரமாக இருபது அடி அகலம் போதும். முதல் மழை தொடங்கித் தீபாவளி வரை அங்கே பொறி செல்லலாகாது. ஓரத்தில் ஒரு முழம் மட்டும் ஒழுங்காக வெட்டினால், இது கவனிப்பாரற்ற இடமன்று என்பது காண்போர்க்கு விளங்கும். விதை முற்றியபின் ஒரே ஒரு முறை அரிவாளால் அறுத்து, சில நாள் அங்கேயே உலரவிட்டு விதை உதிர்ந்தபின் வைக்கோலை அகற்றிவிட வேண்டும். கிடந்து மக்கினால் மண் கொழுத்துப் புல்லே ஓங்கும். பார்த்தீனியம் பிடுங்க ஞாயிறுதோறும் நால்வர் போதும். தமிழிலும் மராத்தியிலும் பெயர் எழுதிய பலகையை மாதர் பிரிவினர் வைக்கலாம். கீழாநெல்லியையும் மூக்கிரட்டையையும் கண்டவுடன் பெயர் சொல்லும் பாட்டிமார் இக்குடியிருப்பில் இன்னும் இருக்கின்றனர்; அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுதல் நலம்.

தும்பை விதை கடையில் கிடைப்பதன்று. ஐப்பசியில் ஊர் செல்வோர் காய்ந்த தும்பைக் கதிர் நான்கைக் காகித உறையில் இட்டுக் கொண்டுவந்தால் போதும். இந்நகரின் ஒதுக்குப்புறங்களிலும் தேடினால் கிடைக்கும். மாட்டுங்கா அடங்கிய எஃப் நார்த் வட்டத்தின் தோட்டப் பிரிவுக்கு விண்ணப்பம் வைகாசிக்குள் சென்று சேர வேண்டும். மழை தொடங்கியபின் எழுதினால் முதல் வெட்டு முடிந்திருக்கும். விண்ணப்பத்தை மராத்தியில் எழுதுவதே முறை. அச்செடிக்கு அம்மொழியிலும் தும்பா என்றே பெயர்.